எது மூத்த தவளை?

கூடலூரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி மலைப்பாதை வழியே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிப்பவள், பாடம் முடிந்ததும் என்னிடம் கேட்டாள்: "சார், எங்கம்மா தோட்டத்து ஓடையில மாவேலித் தவளையப் பாத்திருக்காங்க. அதுக்குச் சொந்தம் சீஷெல்ஸ் தீவுல இருக்குன்னு சொல்றாங்களே, அங்கிருந்து இங்க வந்துச்சா, இங்கிருந்து அங்க போச்சா? ரெண்டுல எது மூத்தது?" வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொன்ன விடை எனக்கே போதாமல் பட்டதால் இதை எழுதுகிறேன்.

ஊதா நிறமும் கூர்மூக்கும் கொண்ட அந்தத் தவளை ஏறக்குறைய ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்து, மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாள்கள் மட்டும் மேலே வரும். ஓணத்துக்கு ஓணம் வந்துபோகும் மன்னனின் பெயர் அதற்கு வாய்த்தது அதனால்தான். இந்தியத் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசுய்ட்டும் 2003இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் அதை ஒரு புதிய குடும்பமாகவே அறிவித்தனர். சீஷெல்ஸில் உள்ள அதன் உறவினங்களோ மிகச் சிறியவை. அவற்றுள் ஒன்று விரல்நகத்தளவே வளரும். உருவத்தைப் பார்த்து இவற்றை உறவென்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னவை மரபணுக்கள்.

ஒப்பிடும் முறை எளியது. ஒரே மரபணுவைப் பல இனங்களிலிருந்து எடுத்து, ஏ, டி, ஜி, சி என்ற எழுத்து வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எங்கெங்கே மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏட்டைப் படியெடுத்தவர் செய்த பிழை, அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய சுவடிகளில் எல்லாம் தொடர்வதைப் போல, ஒரு மூதாதையில் நேர்ந்த மாற்றம் அதன் வழித்தோன்றல்களில் தொடரும். அவ்வாறு பகிர்ந்துகொண்ட பிழைகளை வைத்தே கிளைகளைச் சேர்க்கிறோம்.

என்னை இன்றும் வியக்க வைப்பது இதற்குள் இருக்கும் ஒரு கணக்கு. புரதம் செய்யும்போது செல் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கிறது. ஜிஜிடி என்றிருந்தாலும் ஜிஜிசி, ஜிஜிஏ, ஜிஜிஜி என்றிருந்தாலும் கிடைப்பது கிளைசின் என்ற ஒரே அமினோ அமிலம்தான். ஆகவே இங்கே மூன்றாம் எழுத்து மாறுவதால் தவளைக்குப் பெரும்பாலும் நன்மையுமில்லை, தீமையுமில்லை. இயற்கைத் தேர்வின் கண்ணில் அது படுவதில்லை. அப்படிப்பட்ட மாற்றம் ஓர் இனம் முழுவதும் பரவுவது வெறும் குலுக்கல். காட்டில் 500 தவளைகள் இருந்தால், தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒரு மரபணுவுக்கு 1,000 படிகள் உண்டு. புதிதாக மாறிய ஒரு படி கடைசியில் எல்லாத் தவளைகளிலும் நிலைபெற 1,000இல் ஒரு வாய்ப்பு. 50,000 தவளைகள் இருந்தால் புதிய மாற்றங்கள் 100 மடங்கு தோன்றும், ஆனால் ஒவ்வொன்றின் வாய்ப்பும் 1,00,000இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். பெருக்கினால் மேலும் கீழும் அடிபட்டுப்போய், ஒரு படியில் பிழை நேரும் வீதம் மட்டுமே மிஞ்சும். கூட்டம் பெருத்தாலும் சிறுத்தாலும் வேகம் மாறாது! ஜப்பானிய மரபியலர் மோட்டூ கிமுரா 1968இல் முன்வைத்த நடுநிலைக் கோட்பாட்டின் அடித்தளம் இதுவே. எமில் சூக்கர்கண்டலும் லைனஸ் பாலிங்கும் 1960களின் தொடக்கத்தில் ஹீமோகுளோபினில் கண்ட மூலக்கூறு கடிகாரம், அதாவது மாற்றங்கள் ஏறத்தாழச் சீரான வேகத்தில் சேர்ந்துகொண்டே போவது, ஏன் ஓடுகிறது என்பதும் இதனால் விளங்கியது.

அந்தக் கடிகாரம் துல்லியமானதன்று. ஒரே இடத்தில் எழுத்து இருமுறை மாறினால் முதல் மாற்றத்தின் தடம் அழிந்துவிடும். தலைமுறை இடைவெளியும் இனத்துக்கு இனம் வேறுபடும். ஆண்டுக்கணக்கு பெற, வயது தெரிந்த தொல்லுயிர் எச்சம் ஒன்றேனும் வேண்டும். 2003இல் 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டதாகக் கணித்த, மாவேலிக் கிளையும் சீஷெல்ஸ் கிளையும் பிரிந்த காலம் பின்வந்த ஆய்வுகளில் மாறியது அதனால்தான். எந்தக் கிளை எதனோடு சேர்கிறது என்பது மாறவில்லை. 

இனி அவள் கேள்விக்கு வருகிறேன். இரு தவளைகளும் இன்று வாழ்பவை. கிளை பிரிந்த கணுவிலிருந்து இரண்டும் கடந்துவந்த காலம் ஒன்றே. ஆகவே எதுவும் மூத்ததன்று. இன்றைய கம்பத்துத் தமிழும் இன்றைய குமுளி மலையாளமும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவையல்ல, பழைய பொதுப் பேச்சிலிருந்து பிரிந்தவை என்பது போலத்தான் இதுவும். மாவேலித் தவளையை 'வாழும் தொல்லெச்சம்' என்று அழைப்பதையும் நான் ஏற்பதில்லை, ஏனெனில் அதன் மூன்றாம் எழுத்துகளும் இத்தனை காலமும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. இரண்டில் எதுவும் கடல் தாண்டவும் தேவையிருக்கவில்லை: இந்தியாவும் சீஷெல்ஸும் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒட்டியிருந்த நிலம்.

2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து, மாவேலித் தவளைக்கு நெருங்கிய உறவான நாசிகாபட்ரகஸ் பூபதி என்ற இன்னொரு இனம் அறிவிக்கப்பட்டதையும் அவளிடம் சொன்னேன். மறுநாள் நோட்டில் மரம் வரைந்து வந்தாள். மாவேலித் தவளைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தவளைக்கும் நுனியருகே ஒரு சிறு கவை. சீஷெல்ஸ் கிளை நெடுந்தொலைவு கீழே பிரிந்து இடப்பக்கம் போயிருந்தது. "இதையே வலப்பக்கம் திருப்பிப் போட்டாலும் அதே மரந்தானே சார்?" என்றாள். அதே மரம்தான்.