சினை ஊசி போட்டாலும் கிடா வேண்டும்

மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுப் பழகியவர்கள் செம்மறிக்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். மாடு கத்தும், கண்ணாடி போல் சளி ஒழுக்கும். செம்மறியோ வாயே திறக்காது. கிடா இருந்தால் அதைத் தேடிப் போகும், வாலை ஆட்டும், ஏறவிட்டு அசையாமல் நிற்கும். கிடா இல்லாத பட்டியில் பருவம் வந்து போனதே தெரியாது. அடுத்த வாய்ப்புக்குச் சுமார் 17 நாள் காத்திருக்க வேண்டும்.

கிடாவின் வேலை அடையாளம் காட்டுவது மட்டுமல்ல. பருவம் அடங்கிப்போன ஆடுகளிடையே புதுக்கிடா நுழைந்தால், அதன் வாடை பட்ட சில நிமிடங்களிலேயே முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு கூடும். இரண்டு மூன்று நாளில் பல ஆடுகளில் முட்டை வெளிவரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர் அண்டர்வுட் குழுவினர் 1944-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால், அந்த முதல் முட்டை பெரும்பாலும் ஊமைப் பருவத்தில், அதாவது வெளியே அறிகுறி காட்டாமல், வருவது. கண்ணுக்குத் தெரியும் பருவம் ஏறக்குறைய 18-ஆம் நாளிலிருந்து 25-ஆம் நாளுக்குள்தான். கிடாவை விட்ட மூன்றாம் நாளே மருத்துவரை அழைத்தால் ஊசியும் வீண், செலவும் வீண்.

பருவத்தைத் தள்ளிவைக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் ஊறிய பஞ்சை ஆட்டின் பிறப்புறுப்பில் 12 முதல் 14 நாள் வைத்து எடுத்து, மணிக்கணக்குப் பார்த்து ஊசி போடும் முறையிலும் கிடா குறுக்கிடும். பஞ்சை எடுத்தபின் கிடாவின் வாடையில் நிற்கும் ஆடுகள் பருவத்துக்கு வருவதில் முந்திக்கொள்ளும். ஒரு பட்டியில் கிடாவை விட்டு, தள்ளியிருக்கும் இன்னொன்றில் விடாமல், இரண்டுக்கும் ஒரே நேரம் குறிப்பது தவறு. கிடா இருந்ததா என்பதை ஊசி போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் கிடா வருடம் முழுக்க மந்தையோடுதான் மேய்கிறது. பழகிய கிடாவுக்கு அந்தத் தூண்டும் சக்தி குறைவு. வேறு பட்டிக் கிடாவைக் கொண்டுவர வேண்டும். எலும்பு தெரியும் ஆட்டுக்கு எந்தக் கிடா வந்தாலும் பயனில்லை, முதலில் தீனி.

"காயடித்த கிடா சும்மாதானே நிற்கிறது, அதை விடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டாம்; விதை இல்லையென்றால் அந்த வாடையும் இல்லை, ஆசையும் இல்லை. விந்துக்குழாயை மட்டும் துண்டித்த கிடாவே இதற்குச் சரி. அறுவைக்குப் பிறகும் சில வாரம் குழாயில் உயிரணு தங்கியிருக்கும். ஆகவே ஆறு வாரமாவது தனியே கட்டி, விந்தைச் சோதித்த பின்பே மந்தைக்குள் விடுங்கள். நெஞ்சில் சாயம் தடவி விட்டால், காலையில் எந்தப் பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டியிருக்கிறதோ அதைப் பிரித்துக் கட்டலாம். சாயத்தை இரண்டு நாளுக்கொரு முறையாவது புதுப்பிக்க வேண்டும்.