எதிர்க்கட்சி: எதிர்ப்பதா, எதிர்கொள்வதா?

புதிய ஜனாதிபதி பதவியேற்றதும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: எதிர்க்கட்சிகள் இனி என்ன செய்யப்போகின்றன? ஆதரித்தால் விலைபோய்விட்டார்கள் என்போம். எதிர்த்தால் குழப்புகிறார்கள் என்போம். மூன்றாவது வழியே நமக்குத் தோன்றாமல் போவதற்கு, ‘எதிர்’ என்றதும் ‘எதிரி’யை நினைப்பதும் ஒரு காரணம்.

எதிர் என்றால் முதலில் முகத்துக்கு நேரே இருப்பது. எதிர்வீடு பகைவீடு அல்ல. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு’ என்ற குறளில் (429) எதிர் என்பது வரப்போவதைக் குறிக்கிறது. எதிர்காலம் என்பதும் அதே பொருளில்தான். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கிறோம், புயலையும் எதிர்கொள்கிறோம். பகை என்பது இச்சொல்லின் ஒரு கிளை மட்டுமே. அந்தக் கிளையைத் தடிக்கச் செய்ததில் நீதிமன்றத் தமிழுக்குப் பங்குண்டு. இலங்கையில் குற்றஞ்சாட்டப்பட்டவர் ‘எதிரி’. வழக்குத் தலைப்பில் இரு தரப்புக்கும் நடுவே நிற்பது ‘எதிர்’. சட்டத்தரணியைத் தேடிப் போகிறவர் ‘கட்சிக்காரர்’. சங்கப் பாட்டிலோ கட்சி என்பது விலங்கும் பறவையும் ஒதுங்கும் புகலிடம். கட்சி தாவுகிறவர்களைப் பார்த்தால் பழைய பொருள் இன்னும் வழக்கொழியவில்லை என்றே படுகிறது.

எதிர்க்கட்சியைக் குறிக்கும் ‘opposition’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் எதிரே வைத்தல் என்பதே. 1826இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஜோன் காம் ஹொப்ஹவுஸ் பாதி வேடிக்கையாகச் சொன்ன ‘மன்னரின் எதிர்க்கட்சி’ என்ற தொடர் பின்னர் நிலைத்தது. அரசாங்கத்தை எதிர்க்கலாம், அதனால் எவரும் அரசுக்குத் துரோகியாகிவிடுவதில்லை என்பது அதன் உட்பொருள். எதிர்க்கட்சிக்குத் தலைமை தாங்கும் பதவிக்கு நம் பாராளுமன்றத் தமிழ் ‘எதிர்க்கட்சி முதல்வர்’ என்று பெயர் வைத்தது. உறுப்பினர்களை வாக்கெடுப்புக்கு ஓட்டிவருபவர் ‘முதற்கோலாசான்’: கையில் பிரம்போடு நிற்கும் வாத்தியார் கண்முன் வருகிறார். தமிழகத்துக் கொறடாவை விட எனக்கு இதுவே பிடிக்கும்.

எதிர்க்கட்சி முதல்வர் பதவியை 1977இல் ஏற்றவர் காங்கேசன்துறை உறுப்பினர் அ. அமிர்தலிங்கம். மறு ஆண்டு ஜே. ஆர். ஜயவர்தன முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியானார். யாழ்ப்பாண நூலகம் எரிந்து சில வாரங்களில், 1981 யூலையில், ஆளுங்கட்சியினர் எதிர்க்கட்சி முதல்வர் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆட்சியிலே இல்லாதவரிடம் நம்பிக்கை இல்லையாம்! எதிர்க்கட்சியை எதிரி என்று வாசித்தவர்கள் ஆளுந்தரப்பிலும் இருந்தார்கள்.

எதிர்கொள்ளல் எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த இரா. சம்பந்தனைச் சொல்லலாம். 2015 சனவரித் தேர்தலில் அவர் ஆதரித்த மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டெம்பரில் சம்பந்தன் எதிர்க்கட்சி முதல்வரானார். 2018 நவம்பரில் சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர்களில் சம்பந்தனும் ஒருவர். டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். ஆளை வரவேற்றவர், செயலைத் தடுத்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்தார் என்று இங்கே பலர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

2024இல் கணக்கு வேறு. அநுர குமார திசாநாயக்க செப்டெம்பரில் ஜனாதிபதியானார். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்றை எடுத்தது. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். வாக்கெடுப்பில் தோற்கப்போகிறவர்களுக்கு எஞ்சுவது கேள்வி நேரமும் குழுக்களும், உயர் பதவி நியமனங்களைப் பார்க்கும் அரசியலமைப்புப் பேரவையில் எதிர்க்கட்சி முதல்வருக்குப் பதவிவழி கிடைக்கும் இருக்கையும். வாக்குறுதிக்குத் திகதி கேட்பது, படையினர் பிடித்துவைத்த காணி எப்போது விடுபடும் என்று எழுத்தில் பதில் வாங்குவது போன்ற வேலைகள் அங்கேதான் நடக்கும். வெளிநடப்பு செய்தால் அந்த இருக்கை வெறுமையாகிறது.

நல்ல தமிழில் வேறு சொல் உண்டா? ‘இடித்துரைப்போர்’ என்று சிலர் குறளைக் காட்டுவார்கள். அது அரசன் பக்கத்திலிருக்கும் துணை. மக்கள் வாக்கில் வந்த தரப்புக்குப் பொருந்தாது. ‘மாற்றுக்கட்சி’ எந்தப் பிற கட்சியையும் குறிக்கும். ஆளாத தரப்பு முழுவதையும் சொல்ல ‘எதிரணி’, அதிலுள்ள ஒரு கட்சியைச் சொல்ல ‘எதிர்க்கட்சி’ என்று பிரித்துக்கொள்ளலாம்: எட்டு ஆசனங்களுடைய தமிழரசுக் கட்சி எதிரணியில் இருக்கிறது, எதிர்க்கட்சி முதல்வர் பதவியோ ஐக்கிய மக்கள் சக்தியிடம். எழுதும்போது எதிர்க்கட்சியில் ‘க்’ மிகும். எதிரணியில் ஒற்று வராது.