மாடியில் சோலார், வாசலில் மின்சாரக் கார்: என்னென்ன சலுகை, எந்த வரிசையில்?

சோலார் இருக்கும் வீட்டில் மின்சாரக் கார் வாங்கினால் அரசு எவ்வளவு மானியம் தரும் என்று பலரும் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், மாடிக்குத் தரும், காருக்குத் தராது. சொந்த உபயோகக் காருக்கு மத்திய அரசின் ரொக்க மானியம் இல்லை. 2024 மார்ச் 31-இல் முடிந்த, மின்சார வாகன மானியத் திட்டமான ஃபேமின் இரண்டாம் கட்டத்திலேயே வாடகைக் கார்களுக்குத்தான் பணம் ஒதுக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டம் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்கள், பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் என்று போகிறது. சொந்தக் கார் அந்தப் பட்டியலில் இல்லை. ஷோரூமில் யாராவது "இது சப்சிடி போக விலை சார்" என்றால், எந்தத் திட்டம் என்று பெயரைக் கேட்டுவிடுங்கள்.

அதற்காகக் கையை விரிக்க வேண்டியதில்லை. சலுகைகளும் உரிமைகளும் இருக்கின்றன. ஆனால் நாலு துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. எதை முதலில் கேட்கிறோம், எதை அப்புறம் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மாடிக்கு வரும் பணம்

வீட்டு மாடி சோலாருக்காக 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000-தான். பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாகவும், போட்டுத் தருபவர் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். வேலை முடிந்து, உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வும் முடிந்த பிறகுதான் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதி கொடுங்க" என்று சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுவது நல்லது.

எத்தனை கிலோவாட் போடுவது? இங்கேதான் காரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாதக் கரண்ட் பில்லை மட்டும் பார்த்துவிட்டு 2 கிலோவாட் போதும் என்று எழுதிக்கொடுத்துவிடுவார்கள். ஒரு வருடம் கழித்துக் கார் வரும். அப்போது பேனலைக் கூட்டப் போனால் பேனல் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் பழைய இன்வெர்ட்டர் தாங்காது, ஸ்டாண்டை நீட்ட இடம் இருக்காது, அனுமதியும் மறுபடி வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு. சின்ன மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 முதல் 7 கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 170 யூனிட். இரண்டு மாதத்துக்கு 340. வீடும் காரும் சேர்ந்து 740. ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளுக்கு சராசரி 4 யூனிட் தரும். 3 கிலோவாட், 60 நாள்: 720. மீதி 20 யூனிட். அது முதல் 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடும்.

சோலார் இல்லாமல் அதே 740 யூனிட் ஓடினால் என்ன ஆகும்? 500-ஐத் தாண்டியதுமே கட்டணத்தில் கீழ்ப்படிகளின் மலிவு விலை போய்விடும். 2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65. கார் ஏற்றுவதில் பெரும்பகுதி இந்த உச்சிப் படிகளில் போய் உட்காரும். பேனல் கழித்துவிடுவதும் இந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான். கார் இல்லாத 400 யூனிட் வீட்டுக்கு மூன்றாவது கிலோவாட்டால் பெரிய லாபம் இல்லை. உற்பத்தியில் பாதிக்கு நெருக்கமாக மிஞ்சி வெளியே போகும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மிச்ச யூனிட்டுக்குத் தரும் விலை, நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. கார் வந்தால்தான் அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு வேலை. அதனால் கார் வாங்கும் எண்ணம் இருந்தால், ஓடோமீட்டரைப் பார்த்து மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு, அப்புறம் சோலாருக்கு விண்ணப்பியுங்கள். இடம் கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும்.

பகலில் ஆபீஸ் போய்விட்டு ராத்திரி ஏற்றினால் சோலார் எப்படி உதவும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். நெட் மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் புரியும். திரையில் எண்கள் மாறி மாறி வரும்: ஒன்று உள்ளே வந்த யூனிட், இன்னொன்று வெளியே போன யூனிட். மதியம் வெளியே போனது கணக்கில் இருக்கும், ராத்திரி எடுத்தது அதில் கழியும். மழை மாதங்களில் உற்பத்தி குறைந்தாலும், வெயில் மாதத்து மிச்சம் அதே கணக்காண்டுக்குள் அடுத்தடுத்த பில்லுக்குத் தொடரும்.

மீட்டர், லோடு, உரிமை

மின்நுகர்வோர் உரிமை விதிகள் 2020-இல் வந்தன. 2021 திருத்தத்தின்படி 500 கிலோவாட் அல்லது உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு (உங்கள் இணைப்பில் ஒரே நேரத்தில் இழுக்க அனுமதித்த அளவு), இதில் எது குறைவோ அதுவரை நெட் மீட்டர் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் இன்னொரு திருத்தம். 10 கிலோவாட் வரையிலான மாடி சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை; விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருத வேண்டும். அதற்குத் தேவையான அளவு லோடையும் மின் வினியோக நிறுவனமே உயர்த்திக்கொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை தெருவிலுள்ள கம்பி, டிரான்ஸ்ஃபார்மரை வலுப்படுத்தும் செலவும் அவர்களுடையது. வேலை முடிந்ததும் 15 நாளுக்குள் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு இது 30 நாள். பிரிவு அலுவலகத்தில் "டிரான்ஸ்ஃபார்மர்ல லோடு இல்லீங்க" என்ற பதில் வந்தால், இந்தத் திருத்தத்தைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களாகவே உயர்த்துவது சோலாருக்கான லோடு. காருக்கான லோடை நீங்கள்தான் விண்ணப்பித்துக் கூட்ட வேண்டும். காரோடு வரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். சுவரில் மாட்டும் பெட்டி 7 கிலோவாட். மூன்று பேஸில் 11 கூட உண்டு. ஏசியும் கீசரும் ஓடும் வீட்டில் அதன் மேல் 7 என்றால் லோடு கூட்டுவது மட்டுமல்ல, பெரும்பாலும் மூன்று பேஸுக்கும் மாற வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், நாளுக்கு 30, 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 7 கிலோவாட் பெட்டி வெட்டிச் செலவு. 3 கிலோவாட் சார்ஜரில் ராத்திரி இரண்டு, மூன்று மணி நேரம் போதும்.

காருக்குத் தனி மின் இணைப்பு கேட்கும் உரிமையும் அதே 2024 திருத்தத்தில் வந்தது. பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிகளில் 7, கிராமத்தில் 15 நாளில் இணைப்பு தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சோலார் வீட்டுக்காரர் இதில் அவசரப்பட்டு விழக்கூடாது. தனி இணைப்புக்குத் தனி மீட்டர். மாடியின் யூனிட்டுகள் வீட்டு மீட்டரில்தான் கழியும், காரின் மீட்டரில் கழியாது. மாடியில் விளைந்ததைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, காருக்கு முழு விலையில் வாங்குவீர்கள். ஏற்கெனவே உள்ள வீட்டு இணைப்பிலிருந்தே சொந்தக் காருக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று மின்சார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் 2022-லும் 2024-லும் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. கார் ஏற்ற உரிமமும் தேவையில்லை. தனி இணைப்பு, மாடியே இல்லாத வீட்டுக்கோ அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கோதான் பொருந்தும்.

அபார்ட்மென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. குடியிருப்போர் சங்கங்களுக்கு இதே சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. பொது விளக்கு, லிஃப்ட் மட்டுமல்ல, வாகன சார்ஜிங்கும் அந்தப் பொது வசதிகளில் அடக்கம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில் 500 கிலோவாட் வரை. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

பிளக் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் கீசருக்கு வைத்திருந்த 15 ஆம்பியர் பாயிண்டிலேயே கார் ஏற்ற ஆரம்பித்தோம். கீசர் பத்து நிமிடம் ஓடும், காரை முழுக்க ஏற்ற எட்டு மணி நேரம்கூட ஆகும். அந்த வித்தியாசம் அப்போது உறைக்கவில்லை. மூன்றாவது வாரம் பிளக்கைப் பிடுங்கினால் கை சுடுகிறது, ஒரு துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி பழுத்திருந்தது. அதன்பிறகு மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், அளவுக்கு மீறி இழுத்தால் அணையும் தனி எம்.சி.பி., கசிவைக் கண்டதும் அணைக்கும் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் என்று போட்டோம். இதற்கு மானியம் கிடையாது, தள்ளிப்போடவும் கூடாது.

காருக்குக் கிடைக்கும் சில்லறைகள்

வரியில் கொஞ்சம் மிஞ்சும். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட்டிலிருந்து 5 சதவீதம். சின்ன பெட்ரோல் காருக்கு 18. சோலார் சாதனங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 ஆனது. அதற்கு முந்தைய கொட்டேஷனை நீட்டினால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். பதிவுச் சான்றுக்கான கட்டணம் 2021 ஆகஸ்ட் முதல் விலக்கு. மூன்றாம் நபர் காப்பீட்டில் 2022-இல் நிர்ணயித்த தொகைகள் பெட்ரோல் காரைவிட 15 சதவீதம் குறைவு. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாடு 2023 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரைக்கும் முழு விலக்கு அறிவித்திருந்தது. வண்டி புக் செய்யும் தேதியைவிடப் பதிவு செய்யும் தேதிதான் முக்கியம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தத் தேதிக்கு என்ன நடப்பு என்று கேட்டுக்கொண்டு டெலிவரி எடுங்கள்.

கார் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது 80 இ.இ.பி. பிரிவு. 2019 ஏப்ரல் 1-க்கும் 2023 மார்ச் 31-க்கும் இடையில் கடன் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும். இன்று கடன் வாங்குபவருக்கு அது கிடையாது.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும், நடு மத்தியான வெயிலிலும். லைனில் வேலை செய்பவருக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சாதாரண இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால் வீட்டு விளக்கு எரியும். காரை ஏற்றும் அளவுக்கு அது தாங்குமா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குப் பொது சார்ஜிங் நிலையம்தான் வழி. அங்கே போவதானால் காலை 9 முதல் மாலை 4-க்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில் நிலையங்களுக்கு விற்கும் மின்சாரம் சராசரி வினியோகச் செலவில் 0.7 மடங்காகவும், மற்ற நேரங்களில் 1.3 மடங்காகவும் இருக்க வேண்டும் என்று 2024 வழிகாட்டுதல் சொல்கிறது.