புரதம் அழிந்தாலும் நினைவு ஏன் அழிவதில்லை?

மேலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மூளையில் உள்ள புரதங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்து, அந்த இடத்துக்குப் புதியவை வந்துவிடுகின்றன என்று படித்தேன். அப்படியானால், ஐந்து வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்தது எனக்கு இன்னும் எப்படி நினைவிருக்கிறது?”

ஐயா, டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் 1984-இல் எழுப்பியதும் இதே கேள்விதான். நரம்புச் செல்களில் பெரும்பாலானவை நம் ஆயுள் முழுக்க இருப்பவை. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் புரதங்களில் பெரும்பகுதி நீங்கள் சொல்வதுபோல மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடம் சினாப்ஸ். நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. ஒரு செல் குளுட்டமேட் போன்ற வேதிப்பொருளை விடும். மறு செல்லின் ஏற்பிகள் அதைப் பிடிக்கும். அயனிகள் உள்ளே பாயும். பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் எந்தச் சினாப்ஸும் என்றைக்கும் ஒரே அளவில் பேசுவதில்லை. அடிக்கடி பயன்பட்டால் வலுக்கும், இல்லாவிட்டால் தளரும். நாம் கற்றுக்கொள்வதற்கு அடிப்படை இந்த மாற்றம்தான்.

மாற்றத்தைச் செய்வது பெரும்பாலும் பாஸ்பேட். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் புரதத்தின் மீது ஒட்டும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். நம் உடலில் இவை 500-க்கும் மேல். ஒட்டியதை நீக்குபவை பாஸ்பட்டேஸ்கள். பாஸ்பேட்டில் எதிர் மின்னேற்றம் அதிகம் என்பதால், அது வந்து ஒட்டியதும் புரதம் தன் வடிவத்தையும் வேலையையும் மாற்றிக்கொள்கிறது. நரம்புச் செல்களின் உரையாடலில் இதன் பங்கைக் காட்டியவர் பால் கிரீன்கார்ட். 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர்.

இனி எனக்கு மிகப் பிடித்த புரதத்துக்கு வருகிறேன். பெயர் கேம்-கைனேஸ் 2. மூளையின் மொத்தப் புரதத்தில் 1 முதல் 2 விழுக்காடு வரை இது ஒன்றுதான். ஒரே மாதிரியான 12 உறுப்புகள், அறுவர் அறுவராக இரண்டு வளையங்களில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் உறுப்பிலும் பாஸ்பேட்டை ஒட்டும் பகுதி உண்டு. ஆனால் அதே உறுப்பின் இன்னொரு துண்டு வந்து அதை மறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் சும்மா இருக்கும்போது நொதி வேலை செய்யாது.

சினாப்ஸில் பலமான செய்தி வரும்போது செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது. கால்மோடுலின் என்ற சிறு புரதம் நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, மறைத்து நிற்கும் அந்தத் துண்டைச் சுற்றி வளைத்து விலக்கிவிடுகிறது. நொதி விழித்துக்கொள்கிறது. விழித்த உறுப்பு முதல் வேலையாகப் பக்கத்து உறுப்பின் 286-ஆவது அமினோ அமிலமான த்ரியோனின் மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது!

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்து உறுப்பையும் அதே நேரத்தில் ஒரு கால்மோடுலின் பிடித்திருக்க வேண்டும். கால்சியம் எப்போதோ ஒரு தடவை வந்து போனால், அடுத்தடுத்த இரண்டு உறுப்புகள் ஒருசேர விழிக்க வாய்ப்புக் குறைவு. விட்டு விட்டு வேகமாகத் திரும்பத் திரும்ப வந்தால் வாய்ப்பு ஏறுகிறது. ஆக, செய்தி எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை இந்தப் புரதம் கணக்கெடுக்கிறது. 1998-இல் சோதனைக் குழாயிலேயே இதைச் செய்து காட்டினார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

286-இல் பாஸ்பேட் ஏறிவிட்டால், மறைக்கும் துண்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. கால்சியம் நொடிகளில் வடிந்துபோகும். நொதியோ வேலையைத் தொடரும். ஓர் உறுப்பின் பாஸ்பேட்டைப் பாஸ்பட்டேஸ் நீக்கினாலும், விழித்திருக்கும் பக்கத்து உறுப்பு மறுபடி ஒட்டிவிடலாம். பழைய புரதம் போய்ப் புதியது வந்தாலும் இப்படித்தான் நடக்கும் என்று 1985-இல் நரம்பியல் ஆய்வாளர் ஜான் லிஸ்மன் முன்மொழிந்தார். நான்கு மாசி வீதிகளைத் தேர் சுற்றி வருவதற்குள், வடத்தைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் கை ஓய்ந்து விலகுகிறார்கள், எத்தனை பேர் புதிதாக வந்து பிடிக்கிறார்கள்! தேர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

அந்த 286-ஆவது த்ரியோனினை மட்டும் மாற்றி எலிகளை உருவாக்கியபோது, நீர்த்தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே இருக்கிறது என்பதை அவற்றால் கற்றுக்கொள்ள முடியவில்லை. ஆயிரக்கணக்கான புரதங்களுள் ஒரே ஒரு புரதத்தில், ஒரே ஓர் இடம்!

ஆனால் ஐம்பது, அறுபது ஆண்டு நினைவை இந்த ஒரு புரதமே தாங்குகிறது என்று சொல்லிவிட முடியாது. உயிருள்ள சினாப்ஸில் அளந்தபோது, இதன் விழிப்பு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தணிந்துவிட்டது. அதனால் இதை நினைவைத் தொடங்கிவைக்கும் புரதம் என்றே இன்று பலர் கருதுகிறார்கள். இது, குளுட்டமேட்டைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒன்றான என்எம்டிஏ ஏற்பியின் மீது போய் ஒட்டிக்கொள்வதும் முக்கியம். அந்த ஒட்டிடத்தைப் பற்றித் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் ஆண்டுக்கணக்காக ஆய்வு நடந்திருக்கிறது. நீண்டகாலத்துக்கு வேறொரு கைனேஸ் பொறுப்பேற்பதாக 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. பிகேஎம்-ஸீட்டா என்ற அந்த நொதிக்கு மறைக்கும் துண்டே கிடையாது. கிப்ரா என்ற புரதம் அதைச் சினாப்ஸில் பிடித்து வைக்கிறது; பழைய மூலக்கூறுகள் போகப் போகப் புதியவை அதே இடத்துக்கு வந்து சேர்கின்றன. கிரிக்கின் கேள்வியைக் குறிப்பிட்டே எழுதப்பட்ட ஆய்வு அது.

இவ்வளவு நுட்பமான ஏற்பாடு தலைக்குள் இருக்கும்போது, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்ப்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. தேர்வு நேரத்தில் பிள்ளைகளை விடிய விடிய உட்கார வைப்பதும் தவறு. 2018-இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று, தூக்கத்தின் தேவையோடு சேர்ந்து பாஸ்பேட் ஏறி இறங்கும் 80 புரதங்களைக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை சினாப்ஸ் புரதங்கள். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட பாஸ்பேட் ஏறுகிறது, தூங்கினால் இறங்குகிறது.

பாஸ்பேட் ஒட்டுவதைக் கண்டுபிடித்த கிரெப்ஸும் ஃபிஷரும் மூளையைத் தேடிப் போனவர்கள் அல்லர். 1950-களில் முயலின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு எப்படிக் கரைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் உட்பட, கைனேஸைத் தடுக்கும் மருந்துகள் எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.7 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆய்வு மாணவர்கள் உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மதுரையால் முடியாதது ஒன்றுமில்லை. கீழக்குயில்குடி சமணமலைக் குகை வௌவால்களை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் செய்த உயிரியல் கடிகார ஆய்வு உலகம் மதித்தது. இருட்டுக் குகையில் வௌவாலுக்குப் பொழுது எப்படித் தெரிகிறது என்று கேட்டவர்களிடம், இதனால் என்ன லாபம் என்று அன்றைக்கு யாராவது கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், அந்த வேலை இந்த ஊரில் நடந்தே இருக்காது.