வண்டி திருடு போனால் எஃப்.ஐ.ஆர் கேட்டு வாங்குங்கள்

நிறுத்திய இடத்தில் பைக்கைக் காணோம் என்றால், டிராஃபிக் போலீஸ் தூக்கிப் போனார்களா, தவணை பாக்கிக்காக ஃபைனான்ஸ்காரர் எடுத்துப் போனாரா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் 112க்குச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

தமிழ்நாட்டில் பலருக்கும் சிக்கல் தொடங்குவது அங்கேதான். மனுவை வாங்கிக்கொண்டு, சி.எஸ்.ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "தேடிப் பார்க்கிறோம், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்பார்கள். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதை வைத்து க்ளெய்ம் வாங்க முடியாது; அதற்கு எஃப்.ஐ.ஆர், அதாவது வழக்குப் பதிந்த முதல் தகவல் அறிக்கை வேண்டும். பழைய ஐ.பி.சி 379 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303வது பிரிவு. அதன்படி வண்டித் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. மறுபடி தண்டனை பெற்றால் ஐந்தாண்டு வரை போகும்.

எஃப்.ஐ.ஆருக்கான விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவில் இருக்கிறது. வண்டி எந்த எல்லையில் போனாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். இந்த அளவு தண்டனையுள்ள வழக்குகளில், டி.எஸ்.பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் தாமதத்துக்கு அதைக் காரணம் காட்டினால், அந்த அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று பணிவாகவே கேளுங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வழக்குப் பதிந்தால்தான் தேடலுக்கே வேகம் வரும். அக்கம்பக்கத்து சிசிடிவி பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும், போலீஸ் எடுப்பதற்குள் கடைக்காரரிடம் நீங்களே சொல்லி வைப்பது நல்லது. சென்னையில் நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கேமராக்கள் உண்டு. ஆனால் திருடியவர்கள் பிளேட்டை மாற்றிவிடுவதால், இரவுத் தணிக்கையில் போலீஸ் சேஸிஸ், இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள். ஆகவே ஆர்.சி.யின் போட்டோ ஒன்று எப்போதும் போனில் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பைசா வராது. முழு பாலிசி இருந்தால், வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் இறுதி அறிக்கை, ஆர்.சி., இரண்டு சாவிகள் எல்லாம் கேட்பார்கள். கம்பெனிக்கு உடனே தெரிவித்துவிடுவதே உத்தமம். போலீஸில் உடனே புகார் தந்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வண்டி கிடைத்துவிட்டால்? ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கைப்பற்றிய வண்டிகளை அப்படி நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு, பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, கோர்ட் கேட்கும்போது கொண்டுவருகிறேன் என்ற நிபந்தனையோடு ஓட்டி வரலாம்.