மெடெயின்: மலையேறும் வடமும் சரிவில் ஒரு நகரமும்

கொலம்பியாவின் இரண்டாவது பெரிய நகரமான மெடெயின், அபுர்ரா என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இருபுறமும் மலைகள் இன்னும் ஆயிரம் மீட்டர் எழும்பி நிற்கின்றன. நடுவே தெற்கிலிருந்து வடக்காக ஓர் ஆறு ஓடுகிறது. சமதளம் என்று சொல்லத்தக்கது அந்த ஆற்றின் இரு கரைகள் மட்டுமே. அவற்றை ஆலைகளும் கடைவீதிகளும் பழைய குடியிருப்புகளும் முன்பே பிடித்துக்கொண்டன. 1948-க்குப் பிறகு கிராமப்புறங்களில் மூண்ட கட்சிக் கலவரங்களுக்குத் தப்பி வந்தவர்களுக்கு மிஞ்சியது மலைச்சரிவுதான். தென்கிழக்குச் சரிவில் பணக்காரர்களும் குடியேறினார்கள், ஆனால் அவர்களிடம் கார் இருந்தது. மற்றவர்களுக்குப் படிக்கட்டுகள்தான் தெரு. அந்த மண்ணும் நம்பத்தக்கதல்ல: 1987 செப்டம்பரில் வில்லாடினா குடியிருப்பின் மீது மலை சரிந்ததில் சுமார் 500 பேர் மாண்டார்கள்.

1995-ல் மெட்ரோ ரயில் வந்தது. அது ஆற்றை ஒட்டியே ஓடியதற்குக் காரணம் இயற்பியல். எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் 100 மீட்டர் ஓடி நாலைந்து மீட்டர் ஏறுவதற்குள்ளேயே திணறத் தொடங்கிவிடும். வடகிழக்குச் சரிவில் இருக்கும் சாந்தோ தொமிங்கோவுக்கோ, 2 கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 400 மீட்டர் ஏற வேண்டும், அதாவது 100-க்கு 20. பேருந்து அதில் ஏறிவிடும்தான், ஆனால் குறுகிய சந்துகளில் வளைந்து வளைந்துதான் போக முடியும்.

2004-ல் அங்கே ஓடத் தொடங்கிய 'கே' தடம்தான் ரோப் காரை சுற்றுலாப் பொருளாக அல்லாமல் அன்றாடப் போக்குவரத்தாக உலகத்தின் கண்ணில் நிறுத்தியது. கீழே அசெவேடோ மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அதே பயணச்சீட்டில் பெட்டி மாறி மேலே போகலாம்.

அது இயங்கும் விதம் இதுதான். முறுக்கிய எஃகு வடம் ஒன்றின் இரு முனைகளையும் பின்னி, முடிவில்லாத வளையமாக்கி, இரு கோடியிலும் உள்ள பெரிய சக்கரங்களில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு சக்கரத்தை மோட்டார் சுழற்றுகிறது. வடம் நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடும். ஓடும் வடத்தில் தொங்கும் பெட்டிக்குள் கிழவியும் குழந்தையும் எப்படி ஏறுவார்கள்? இதற்கான விடை பெட்டியின் தலைமேல் இருக்கிறது: வலுவான சுருள்வில் அழுத்தத்தால் வடத்தைக் கவ்வும் ஒரு பிடி. பெட்டி நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒரு நெம்புகோல் அந்தப் பிடியைத் திறக்கிறது. வடம் தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்க, வரிசையாகச் சுழலும் சிறு ரப்பர் டயர்கள் பெட்டியை ஏந்தி, மனிதர் நடப்பதைவிட மெதுவாக நகர்த்துகின்றன. ஆட்கள் ஏறி இறங்கியதும் வேறு டயர்கள் அதை வடத்தின் வேகத்துக்கு முடுக்கிவிட, பிடி மறுபடி கவ்விக்கொள்ளும். வேகம் சமமான பிறகே கவ்வுவதால் குலுக்கல் பெரிதாகத் தெரியாது.

கொள்ளளவைக் கையாலேயே கணக்கிடலாம். பெட்டிக்கு 10 பேர், 12 நொடிக்கு ஒரு பெட்டி என்றால் ஒரு திசையில் மணிக்கு 3,000 பேர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மின்சாரக் கணக்கு. இரட்டை வாளி போட்ட கிணற்று ராட்டினம் போல, இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியின் எடையைச் சரிக்கட்டிவிடுகிறது. மோட்டார் சுமக்க வேண்டியது ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் உள்ள எடை வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டுமே. ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால், 10 பேரை 400 மீட்டர் தூக்கத் தேவையான ஆற்றல் முக்கால் யூனிட்டை ஒட்டித்தான் வரும். அதிலும் காலையில் மலையே வேலைக்குக் கிளம்பும்போது இறங்கும் பெட்டிகள் நிரம்பியும் ஏறும் பெட்டிகள் காலியாகவும் இருக்கும். அப்போது புவியீர்ப்பே வடத்தை இழுக்க உதவுகிறது. மாலையில் எல்லோரும் வீடு திரும்பும்போதுதான் மோட்டாருக்கு உண்மையான உழைப்பு.

மின்சாரத்தில் ஓடுவதால் புகையும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அது சின்ன விஷயமல்ல. இரவில் சரிவுகள் குளிர, கனத்த குளிர்காற்று வழிந்து பள்ளத்தாக்கின் தரையில் தேங்குகிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதற்கு மூடியாகிவிடுகிறது. வழக்கமாக வெயில் ஏறியதும் தரை சூடாகி, மூடி உடையும். மழைக்காலம் தொடங்கும் மார்ச் மாதத்தில் தாழ்ந்த மேகங்கள் வெயிலை மறைப்பதால் பல நாட்கள் அது உடையாமல், லாரிப் புகை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் நகர நிர்வாகம் வண்டி எண்ணின்படி வாகனங்களைக் கூடுதலாகத் தடுப்பது இதனால்தான்.

இவ்வளவு புகழுக்கு ரோப் கார் தகுதியானதா? பாதித் தகுதி என்பேன். மணிக்கு 3,000 பேர் என்பது மெட்ரோ ரயிலோடு ஒப்பிட்டால் சிறு ஓடைதான். மின்னல் வெட்டினால் நிறுத்த வேண்டும். 2021-ல் வந்த 'பி' (P) தடத்தில் 12 பேர் பெட்டிகளைப் போட்டும் மணிக்கு 4,000 பேரைத்தான் எட்ட முடிந்தது. ரியோ டி ஜெனிரோவின் அலெமாவோ குன்றுகளில் 2011-ல் இதே வகை ரோப் கார் திறக்கப்பட்டது. கீழே புறநகர் ரயிலோடும் இணைத்திருந்தார்கள். மாநில அரசு நிதி நெருக்கடியில் சிக்க, 2016-ல் பெட்டிகள் நின்றுபோயின. மெடெயினில் மலைத் தடங்களை நடத்துவது ஆற்றங்கரை ரயிலை ஓட்டும் அதே மெட்ரோ நிறுவனம்தான். அங்கே வடத்துக்குத் தனி வரவுசெலவு பார்த்து மூட வேண்டிய நிலை எழவில்லை.