பெயரை மூடிவிட்டு வாசித்துப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தமிழும் இலக்கியமும் சொல்லிக்கொடுக்கிறேன். மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1919-இல் பிறந்த ஊர் இது. அதனால் தலைவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பில் பெரும்பாலோர் அவரைத்தான் எழுதுவார்கள். "தன்னலமற்ற தலைவர், சமுதாயத்துக்காகத் தம்மையே அர்ப்பணித்தவர், மெழுகுவர்த்தியாய் உருகி ஒளி தந்தவர்." கையெழுத்து அழகாக இருக்கும், ஒற்றுப்பிழைகூட அதிகம் இருக்காது. அந்தக் கட்டுரையில் சம்பந்தன் என்ற பெயரை மட்டும் விரலால் மூடிவிட்டு வாசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் காந்தி என்று போடலாம், நேதாஜி என்று போடலாம், நம் முதல் பிரதமர் துங்கு என்றும் போடலாம். ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. அப்படியென்றால் அதில் சம்பந்தன் இல்லை என்றுதானே அர்த்தம்?

இது பிள்ளைகளின் சோம்பல் அல்ல. தொடக்கப்பள்ளியிலிருந்தே முன்னுரைக்கு ஒரு பழமொழி, முடிவுரைக்கு ஒரு குறள், நடுவில் பாராட்டு என்று பழக்கிவிட்டோம். டியூஷனில் மாதிரிக் கட்டுரை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். புகழத் தெரிந்த பிள்ளைக்கு ஆராயத் தெரியாமல் போவது இங்கேதான்.

வகுப்பில் நான் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். அவர் யாரிடம் பேசினார்? அவர்களிடம் என்ன கேட்டார்? அவர்கள் ஏன் மறுத்திருப்பார்கள்? சம்பந்தனையே எடுத்துக்கொள்வோம். 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும், ஏனென்றால் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் தோட்ட நிர்வாகத்தின் சொத்து. பிள்ளைகள் படித்த பள்ளி, கும்பிட்ட கோயில் எல்லாம் அந்த நிலத்திலேயே இருந்தன. அப்போது ம.இ.கா. என்னும் இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பங்குப் பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கலாம் என்பது திட்டம்.

இப்போது அந்தக் கேள்விகளை இங்கே வையுங்கள். அவர் பேசியது பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்து, கிடைத்த கூலியில் குடும்பம் நடத்தியவர்களிடம். கேட்டது அவர்கள் கையில் இருந்த கொஞ்சப் பணத்தை. ஏன் மறுத்திருப்பார்கள் என்று கேட்டபோது ஒரு மாணவன், "எங்க தாத்தாவா இருந்தா கொடுத்திருக்க மாட்டாரு டீச்சர், பணம் திரும்பி வருமான்னு கேட்டிருப்பாரு" என்றான். அந்த ஒரு வரி, மனப்பாடம் செய்த இரண்டு பக்கத்தைவிட மேலானது. தாத்தாவுக்குப் பணம் போய்விடுமோ என்று ஒரு பயம், வீடு போய்விடுமோ என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் பெரியது என்று உணர்ந்தவர்கள்தான் பங்கு வாங்கியிருப்பார்கள். ஒரு தலைவரின் பேச்சு எந்த இடத்தில் வேலை செய்தது என்பது அப்போதுதான் பிள்ளைக்குப் பிடிபடுகிறது. விற்பனைக்கு வந்த எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் வாங்க முடியவில்லை. பல குடும்பங்கள் வெளியேறத்தான் செய்தன. இதை எழுதலாமா என்று மாணவர்கள் தயங்குவார்கள். தாராளமாக எழுதலாம். அதனால் அவருடைய மரியாதை குறையாது.

தயக்கம் இன்னும் அதிகமாக வரும் பெயர் எஸ். ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1948 ஜூனில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தோட்ட நிர்வாகிகளான வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டித்தான் பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் அவசரகாலமே அறிவித்தது. எனவே அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சில வீடுகளில் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். தியாகியா, தீவிரவாதியா என்று ஒரே சொல்லில் முடிவு கேட்கும் பிள்ளைகளிடம், சட்டம் அப்போது என்ன சொன்னது, தொழிற்சங்கம் என்ன கேட்டது, இந்திய அரசு ஏன் அவருக்காக முறையிட்டது என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். முடிவு பிறகு வரட்டும்.

சரி, இலக்கியத்துக்கு வருவோம். வாதம் செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்த சிறந்த பாடம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. மாணவர்கள் அதைக் கண்ணகியின் கோபம் என்று மட்டும் படித்து வைத்திருக்கிறார்கள். கோபம் இருக்கிறது, "தேரா மன்னா" என்றுதான் தொடங்குகிறாள். ஆனால் அடுத்து அவள் செய்வதைக் கவனியுங்கள். புறாவுக்காகத் தன் உடலைத் தந்த சோழனையும், பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் சொல்லி, அந்தப் புகார்தான் என் ஊர் என்கிறாள். நீதி என்றால் என்ன என்ற அளவுகோலை முதலில் அரசன் முன் நிறுத்திவிடுகிறாள். அதன் பிறகே தன் கணவன் பெயரும் தன் பெயரும் வருகின்றன.

பாண்டியன் பதில் சொல்கிறான்: "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று." கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது. பொதுவாகப் பார்த்தால் அந்தக் காலத்து நீதிப்படி அது சரியான வாதம். இந்த இடத்தில் நம் பிள்ளைகள் எழுதினால் "என் கணவர் நல்லவர், வல்லவர்" என்று ஒரு பத்தி நீளும். கண்ணகி அதற்குப் போகவில்லை. "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்கிறாள். என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம். அவ்வளவுதான். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் ஒரு செய்தி அது. எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே ஒத்துக்கொண்டு, சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி முன்னால் வைக்கிறான். அவள் உடைக்கிறாள், மணி தெறிக்கிறது. தனக்கே எதிராகப் போகக்கூடிய சோதனைக்கு ஒத்துக்கொண்ட அரசனைப் பற்றியும் எழுதச் சொல்வேன். தோற்ற பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்கும் மாணவரின் வாதக் கட்டுரைக்குத் தனி பலம் உண்டு.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளையும் இதே கண்ணோடு படிக்கலாம். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம் அது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது என்று கேட்டார்கள். கூடவே, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தவும் கேட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கூலியையும் சைக்கிளையும் ஏன் ஒரே பட்டியலில் வைத்தார்கள் என்று கேட்டால் வகுப்பு கொஞ்ச நேரம் யோசிக்கும். "எங்களைக் கேவலப்படுத்துகிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னால் துரை மறுத்துவிடலாம். சைக்கிள் விஷயத்தை மறுக்க முடியாது, அது தினமும் எல்லார் கண் முன்னும் நடந்தது.

பெற்றோர்கள் இதைத் தேர்வோடு முடிந்துபோகும் விஷயமாக நினைக்க வேண்டாம். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளின் வாட்சாப்புக்கு வெளிநாட்டு வேலை, அனுபவம் தேவையில்லை, சம்பளம் பல ஆயிரம் வெள்ளி, இன்றே பதில் சொன்னால்தான் இடம் என்று செய்திகள் வருகின்றன. அப்படி நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்தச் செய்தியும் ஒரு வாதக் கட்டுரைதான். யாரிடம் பேசுகிறது? வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவனிடம். எதைக் காட்டி அவசரப்படுத்துகிறது? உடைத்துப் பார்க்க ஏதாவது ஒரு சிலம்பைக் கொடுக்கிறதா, அதாவது கம்பெனியின் பதிவு, முகவரி, ஒப்பந்தம்? "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறளைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளை இந்த இடத்தில் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. மோசடிக்காரர்களுக்குப் பணத்தை அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால் உடனே 997-ஐ அழையுங்கள். மோசடிப் புகாருக்கான தேசிய எண் அது. சீக்கிரம் அழைத்தால் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம்.

மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று கேட்கும் பெற்றோர் உண்டு. ஒரே மாதிரியான கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகத் திருத்தும் ஆசிரியருக்கு, சான்றோடு வரும் கட்டுரை தனியாகத் தெரியும். அந்தச் சான்றில் கொஞ்சம் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழ், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, தாத்தா பாட்டி எழுதிய மனு என்று பெட்டியில் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, பங்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.